பழைய வேகப்படகின் எஞ்சினை எப்போது பிரித்து வேலை பார்க்க வேண்டும்?

8.2 லிட்டர் பெட்ரோல் வி8 எஞ்சின் இரண்டு பொருத்திய, பதினைந்து ஆண்டுப் பழைய வேகப்படகு ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் ஒன்றில் 340, இன்னொன்றில் 355 காட்டுகிறது. விற்பவர் ‘கைபடாத எஞ்சின், அப்படியே ஓட்டலாம்’ என்கிறார். உங்கள் நண்பரோ ‘300 மணி நேரம் தாண்டிவிட்டால் பிரித்தே ஆக வேண்டும்’ என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். மணிக்கணக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய செலவை முடிவு செய்யலாமா, அதை முடிவு செய்யும் பொறுப்பு வாங்குவதற்கு முன் யாருடையது, வாங்கிய பின் யாருடையது என்பவைதாம் உங்கள் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்விகள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கடல் எஞ்சின்களைப் பிரித்துக் கட்டுவதையே பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: எஞ்சினை ஒரே பொருளாக நினைப்பதுதான் இருவரையும் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட், வால்வு, வால்வு ஸ்பிரிங், வால்வைத் திறக்கத் தள்ளும் லிஃப்டர் அடங்கிய மேல்பகுதி ஒரு விதமாகத் தேய்கிறது. பிஸ்டன், அதைச் சுற்றியுள்ள ரிங், சுழலும் தண்டான கிராங்க், அதைத் தாங்கும் பேரிங் அடங்கிய அடிப்பகுதி வேறு விதமாகத் தேய்கிறது. அடிப்பகுதி கெடும்போது பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டும். மேல்பகுதியில் உள்ள ஸ்பிரிங்கும் லிஃப்டரும் பல சமயம் எந்த அடையாளமும் காட்டாமல் ஒரே நொடியில் உடையும். ஆகவே மேல்பகுதியைக் கணக்கு வைத்துப் பிரிக்க வேண்டும். அடிப்பகுதியைச் சான்று பார்த்துப் பிரிக்க வேண்டும். நான் எழுதுவது அதிகத் திறன் எடுக்கும்படி அமைத்த பெட்ரோல் வி8 எஞ்சின்களுக்கு மட்டுமே பொருந்தும்; டீசல் எஞ்சினுக்கு இந்த எண்கள் உதவா.

300 மணி நேரம் என்றதும் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது மிகக் குறைவாகத் தோன்றும். கார் சமதளத்தில் சீராக ஓடும்போது எஞ்சின் தன் முழுத் திறனில் சிறு பங்கைத்தான் தருகிறது. சரிவில் ஓய்வும் எடுத்துக்கொள்கிறது. படகுக்குச் சரிவே கிடையாது. நீரின் மேல் எழும்பி ஓடும் வேகப்படகு எந்நேரமும் சுமையைத் தள்ளிக்கொண்டே போகிறது. புரொப்பெல்லர் வாங்கும் திறன் ஏறத்தாழச் சுழற்சி வேகத்தின் கனத்துக்கு (அதை அதனாலேயே மும்முறை பெருக்கிய அளவுக்கு) ஏற்ப ஏறும். ஆகவே உச்ச வேகத்தின் 80 சதவீதத்தில் ஓட்டினால் ஏறக்குறையப் பாதித் திறனும், 90 சதவீதத்தில் ஓட்டினால் ஏறக்குறைய முக்கால் பங்கும் செலவாகிறது. அதே 8.2 லிட்டர் அளவில் 415 குதிரைத்திறன் தந்த சாதாரண எஞ்சினும் உண்டு, 525 குதிரைத்திறன் தந்த பந்தய வகை எஞ்சினும் உண்டு. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரு குடும்பம்தான் என்றாலும், இரண்டாவதில் வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் வால்வை உயரமாகவும் வேகமாகவும் திறக்கிறது, அதை அடக்க வைத்திருக்கும் ஸ்பிரிங் கடினமானது, சுழற்சி வேகமும் கூடுதல். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சினில் இவற்றோடு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் படகில் இருப்பது எந்த வகை என்பதை நீங்கள் எழுதவில்லை; எஞ்சினின் வரிசை எண்ணை வைத்து முதலில் அதை உறுதி செய்யுங்கள், ஏனெனில் அடுத்து வரும் எல்லா எண்களும் அதைப் பொறுத்தவை.

வால்வு ஸ்பிரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல எஞ்சின்கள் பாழாவதை நான் அதிகம் பார்த்தது அங்கேதான். நிமிடத்துக்கு 3,500 சுற்று என்ற சாதாரண ஓட்ட வேகத்தில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,750 முறை திறந்து மூடுகிறது. ஒரு மணி நேரத்தில் 1,05,000 முறை. 300 மணி நேரத்தில் மூன்று கோடிக்கும் மேல். அத்தனை முறை அழுந்தி விரிந்த எஃகுக் கம்பி மெல்லத் தளர்கிறது. தளர்ந்த ஸ்பிரிங் அதிக வேகத்தில் வால்வை நேரத்துக்கு மூடாது. வால்வு தன் இருக்கையில் துள்ளி விழும். லிஃப்டரின் உருளை கேம் ஷாஃப்டிலிருந்து விலகி மீண்டும் வந்து மோதும். உள்ளே ஊசி உருளைகள் கொண்ட ரோலர் லிஃப்டர்களுக்கு இந்த மோதல் எமன். ஸ்பிரிங் உடைந்து வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிட்டால், அந்த ஒரு சிலிண்டரில் பிஸ்டன், ஹெட், சில சமயம் பிளாக் வரை எல்லாம் போய்விடும். மாற்றியிருந்தால் ஒரு பெட்டி ஸ்பிரிங்கோடு முடிந்திருக்கும் செலவு, அன்றைக்கு ஒரு முழு எஞ்சினின் செலவாக நிற்கும்.

இதில் ஆண்டுகளுக்கும் பங்குண்டு. எஞ்சின் நின்றிருக்கும்போது சில வால்வுகள் திறந்த நிலையிலேயே நிற்கும். அவற்றின் ஸ்பிரிங் மாதக்கணக்கில் அழுந்தியபடியே இருக்கும். வால்வு மூடிக்குள் ஈரம் படிந்து ஸ்பிரிங்கின் மேல் கடுகளவு துருப்புள்ளி விழுந்தால் போதும், உடைப்பு அங்கிருந்துதான் தொடங்கும். உடைந்த ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், முறிந்த முகத்தின் பெரும்பகுதி புதிதாகப் பளிச்சென்றும், ஓரத்தில் ஒரு சிறு புள்ளி மட்டும் கறுத்தும் தெரியும். அந்தக் கறுத்த புள்ளி பல மாதங்களுக்கு முன்பே விரிசல் விழுந்த இடம். அதுவரை எஞ்சின் சத்தத்திலோ வேகத்திலோ எந்த மாற்றமும் இருந்திருக்காது. ஆகவே ‘நன்றாகத்தான் ஓடுகிறது’ என்ற வாக்குமூலத்துக்கு ஸ்பிரிங் விஷயத்தில் மதிப்பே இல்லை.

எண் கேட்டால், தயாரிப்பாளரின் பராமரிப்பு அட்டவணை கிடைத்தால் அதற்குத்தான் முதல் இடம். கிடைக்காவிட்டால் நான் கடைப்பிடிக்கும் வரம்பு இது: 415 குதிரைத்திறன் போன்ற மென்மையான எஞ்சினில் 500 மணி நேரம் வரை ஸ்பிரிங்கைச் சோதித்தால் போதும், காரணமில்லாமல் ஹெட்டை இறக்கத் தேவையில்லை, 525 போன்ற வகையில் 250 முதல் 300 மணி நேரத்துக்குள் ஸ்பிரிங்கை மாற்றி லிஃப்டரை வெளியே எடுத்துப் பார்த்துவிட வேண்டும், சூப்பர்சார்ஜர் உள்ளவற்றில் 150 முதல் 200 மணி நேரத்திலேயே அந்த வேலை வந்துவிடும். இவை கல்வெட்டு அல்ல. ஓட்டியவரின் கையைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு முன்னே பின்னே போகும். ஹெட்டை இறக்காமலேயே ஸ்பிரிங்கின் அழுத்தத்தை அளக்கும் நெம்புகோல் கருவி உண்டு. குறித்த அழுத்தத்தில் 10 சதவீதம் குறைந்திருந்தாலோ, பதினாறில் ஒன்று மட்டும் தனித்துக் குறைந்திருந்தாலோ, பதினாறையும் மாற்றுங்கள்.

இனி அடிப்பகுதிக்கு வருவோம். இங்கே கேட்க வேண்டியது சான்று. முதல் சான்று, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை; அதை முறையாகச் செய்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. எஞ்சின் அறையின் காற்றுப்போக்கியை நன்றாக ஓடவிட்டு, பெட்ரோல் வாடை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே தொடங்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், எட்டு ஸ்பார்க் பிளக்குகளும் கழற்றப்பட்டிருக்க வேண்டும், த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், பற்றவைப்பும் எரிபொருளும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், பேட்டரி முழு பலத்தோடு இருக்க வேண்டும், எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்ற வேண்டும். கிடைக்கும் எண் எவ்வளவு என்பதைவிட எட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் முக்கியம். வால்வை உயரமாகவும் அதிக நேரமும் திறக்கும் கூர்மையான கேம் ஷாஃப்ட் போட்ட எஞ்சினில் எண்ணே இயல்பாகக் குறைவாக வரும். வேறுபாடு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 15, 20 என்று போனால் அந்தச் சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ, ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டோ. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதைவிடத் தெளிவாகப் பேசுவது காற்றுக்கசிவுச் சோதனை. பிஸ்டனை அமுக்க வீச்சின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு கசிகிறது என்று அளப்பார்கள். 10 சதவீதத்துக்குள் என்றால் நல்ல எஞ்சின்; 20 சதவீதத்தைத் தாண்டினால் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது. எண்ணோடு காதுக்கும் இங்கே வேலை உண்டு. புகைபோக்கிப் பக்கம் சீறல் கேட்டால் வெளியேற்று வால்வு. த்ராட்டில் பக்கம் கேட்டால் உள்ளிழு வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் காற்று வந்தால் ரிங். மூடிய குளிரூட்டும் முறை உள்ள எஞ்சினில் குளிர்நீர்த் தொட்டியில் குமிழி எழுந்தால் கேஸ்கட், அல்லது விரிசல். மேல்பகுதிக் கோளாறா, அடிப்பகுதிக் கோளாறா என்பதை எஞ்சினைத் திறக்காமலேயே இவ்வளவு நேராகச் சொல்லும் சோதனை வேறில்லை. வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனைக்குத்தான் விற்பவர் சம்மதிப்பார் என்றால் இதையே கேளுங்கள்.

ரிங்கைப் பற்றி மேற்சொன்ன இரண்டும் பேசும். பேரிங்கைப் பற்றி எண்ணெய்தான் பேச வேண்டும். நன்றாகச் சூடான எஞ்சினில் ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ வீதம் எண்ணெய் அழுத்தம் இருக்க வேண்டும் என்பது தொழிலில் பழைய கணக்கு, இன்றும் உதவுகிறது. குளிர்ந்த எஞ்சினில் காட்டும் அழுத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், கெட்டியான எண்ணெய் தேய்ந்த பேரிங்கையும் மறைத்துவிடும். அடுத்து எண்ணெய் ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ரம்பத்தால் அறுத்தால் ரம்பத்தூள் உள்ளே விழுந்து குழப்பும். சுற்றி வெட்டும் கருவியால்தான் வெட்ட வேண்டும். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை எடுத்து, எண்ணெயைப் பிழிந்துவிட்டு, வெள்ளைத் துணியில் விரித்து, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாகக் கரித்துகள் இருப்பது இயல்பு. சாய்க்கும்போது மட்டும் மினுக்கென்று தெரிந்து மறையும் மெல்லிய சாம்பல் நிறச் செதில்கள் காந்தத்தில் ஒட்டாவிட்டால் அவை பேரிங்கின் மேல்பூச்சாக இருக்கக்கூடும்; செம்பு நிறமே தெரிந்தால் அந்தப் பூச்சு கரைந்து அடியிலுள்ள உலோகம் வந்துவிட்டது என்று பொருள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. லிஃப்டர், கேம் ஷாஃப்ட், சிலிண்டர் சுவர் எதிலிருந்தும் வந்திருக்கலாம். நிறையச் செதில்கள் இருந்தால் அந்த எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஆய்வகத்தில் எண்ணெய் மாதிரி கொடுத்துப் பார்ப்பதும் நல்லதுதான். ஈயம், வெள்ளீயம் ஏறியிருந்தால் பேரிங், அலுமினியம் ஏறியிருந்தால் பிஸ்டன், சோடியம் ஏறியிருந்தால் கடல்நீர் அல்லது குளிரூட்டும் திரவம் என்று அது வழிகாட்டும். ஆனால் அதன் உண்மையான பலம் தொடர்ச்சியில்தான் இருக்கிறது. ஒரே ஒரு மாதிரி ஐயத்துக்கு இடம் தரும்: செம்பு பேரிங்கிலிருந்து மட்டுமல்ல, எண்ணெய்க் குளிர்விப்பானிலிருந்தும் வரும், நெடுநாள் நின்ற எஞ்சினில் இரும்பு வெறும் துருவாலும் ஏறும். விற்பனைக்கு முன் எண்ணெய் மாற்றப்பட்டிருந்தால் அந்த அறிக்கை ஒன்றுமே சொல்லாது. ‘இப்போதுதான் புது எண்ணெய் மாற்றினேன்’ என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், பழைய ஃபில்டர் எங்கே என்று கேளுங்கள்.

பதினைந்து ஆண்டுப் படகில் நான் மணிக்கணக்கைவிட அதிகம் பயப்படுவது தண்ணீருக்கு. இந்த எஞ்சின்களின் புகைபோக்கிக்குள் குளிர்நீர் கலந்து வெளியேறுகிறது. புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் அதன் மேலுள்ள வளைகுழாயும் உப்புநீரில் உள்ளிருந்து அரிக்கப்படும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் அவற்றை மாற்றுவதே வழக்கம். அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியேற்று வால்வு வழியாகச் சிலிண்டருக்கே திரும்பும். கூர்மையான கேம் ஷாஃப்ட் உள்ள எஞ்சினில் ஓட்டை இல்லாமலும் இது நடக்கும்: மெதுவாக ஓடும்போது இரு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் அதிகமாவதால், ஈரப்புகை பின்னோக்கி உறிஞ்சப்படுகிறது. பிளக் துளை வழியே குழாய்க் கேமராவை விட்டுப் பாருங்கள். சிலிண்டர் சுவரைத் தீட்டியபோது விழுந்த குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தால் மகிழ்ச்சி. ரிங் நின்றிருந்த உயரத்தில் வளையமாகத் துருக்கோடு இருந்தால், அந்த எஞ்சின் ஈரத்தோடு நின்றிருக்கிறது. லேசான கறையா, நகத்தில் இடறும் பள்ளமா என்பதைக் கேமராவில் உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். இக்காரணத்தால்தான் பதினைந்து ஆண்டில் 90 மணி நேரமே ஓடிய படகைவிட, ஆண்டுக்கு 40, 50 மணி நேரம் ஒழுங்காக ஓடிப் பராமரிக்கப்பட்ட படகை நான் நம்புவேன்.

உங்கள் படகில் இரண்டு எஞ்சின் இருப்பது பெரிய வசதி. ஒரே வயது, ஒரே எரிபொருள், ஒரே ஓட்டுநர். ஆகவே இரண்டுக்கும் இடையே எண்ணெய் அழுத்தத்திலோ வெப்பத்திலோ உச்சச் சுழற்சியிலோ வேறுபாடு தெரிந்தால் அதற்குக் காரணம் இருந்தே தீரும். மீட்டர் 15 மணி நேர வேறுபாடு காட்டுகிறதே, அது ஏன் என்றும் கேட்டுவிடுங்கள். பதில் எளிதாகவே இருக்கலாம். கணினிக் கட்டுப்பாடு உள்ள எஞ்சின் என்றால், அதன் வகையைப் பொறுத்து, மொத்த ஓட்ட நேரம், எந்தச் சுழற்சியில் எத்தனை மணி நேரம், எத்தனை முறை அதிவெப்ப எச்சரிக்கை என்பன உள்ளே பதிவாகியிருக்கும். ஹவர் மீட்டரை மாற்றலாம், இதை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. 355 மணி நேரத்தில் பெரும்பங்கு துறைக்குள் மெதுவாக ஊர்ந்ததா, உச்ச வேகத்தில் ஓடியதா என்பது தெரிந்தால் நண்பரின் 300 மணிக் கணக்குக்கே வேறு பொருள் வந்துவிடும். ஆனால் மெதுவாக ஊர்ந்தது என்றால் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். குறைந்த சுழற்சியில் ரோலர் லிஃப்டருக்குத் தெறித்து வரும் எண்ணெய் குறைவு.

சிலவற்றைப் பலர் அளவுக்கு மீறி மதிக்கிறார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் லேசாக நீலப்புகை வருவதும், அடித்துச் செய்த பிஸ்டன் உள்ள எஞ்சின் குளிரில் சற்றுத் தட்டுவதும், கொஞ்சம் எண்ணெய் குடிப்பதும் பிரிப்பதற்குப் போதிய காரணங்கள் அல்ல. இவ்வகை எஞ்சின்களில் இடைவெளிகளே தளர்வாகத்தான் வைக்கப்படுகின்றன. அதேபோல் ‘மேல்பகுதியைப் புதுப்பித்தால் அடிப்பகுதி தாங்காது’ என்று சொல்வார்கள். நல்ல ரிங்கை இறுக்கமான வால்வு கெடுப்பதில்லை; ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்த ரிங்கின் குறையைத்தான் அது வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. கசிவுச் சோதனையை முன்பே செய்துவிட்டால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. இதற்கு நேர்மாறாக, ‘போன வருடம்தான் எஞ்சின் வேலை பார்த்தது’ என்ற சொல்லுக்கு மக்கள் அதிகம் மயங்குகிறார்கள். யார் கட்டினார்கள், என்ன மாற்றினார்கள், என்ன அளவுகள் எடுத்தார்கள் என்ற ரசீது இல்லாவிட்டால், கைபடாத எஞ்சினைவிட அதை நான் கூடுதலாகவே சந்தேகிப்பேன்.

உங்கள் படகுக்கு வருகிறேன். எஞ்சினைக் கண்ணால் பார்க்காமல் சொல்வது என்பதை நினைவில் வையுங்கள். அது 525 வகையாக இருந்து கைபடாததாகவும் இருந்தால், விற்பவரின் சொல்லே உங்களுக்குச் சாதகம்: பதினைந்து ஆண்டு, 350 மணி நேரம் கண்ட ஸ்பிரிங்குகள் தவணை கடந்தவை. இரண்டு எஞ்சினுக்கும் மேல்பகுதி வேலையைச் செலவாகவே எழுதி, விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். அதை இரண்டுக்கும் ஒரே நேரத்தில் செய்யுங்கள், இரண்டும் ஒரே கணக்கில் வந்தவை. அடிப்பகுதியை, கசிவு 10 சதவீதத்துக்குள், அழுத்தம் சரி, ஃபில்டர் சுத்தம் என்றால் தொடாதீர்கள். ஒழுங்காக இருக்கும் கிராங்கையும் பேரிங்கையும் பிரித்துக் கட்டுவதில் புதுக் கோளாறு புகும் வாய்ப்பும் உண்டு. ஒரு எஞ்சினில் மட்டும் சான்று கெட்டிருந்தால் அதை மட்டும் முழுக்கப் பிரியுங்கள். 415 வகை என்றால், சோதனைகள் தேறிய நிலையில், ஸ்பிரிங்கை அளந்துவிட்டு நிம்மதியாக ஓட்டலாம். சோதனைக்கே விற்பவர் மறுத்தால், இரண்டு எஞ்சினுக்கும் முழு வேலை உண்டு என்று கணக்கிட்டு விலை சொல்லுங்கள், ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பிரிப்பதென்று முடிவானால், எஞ்சினோடு சேர்த்து அதைச் சுற்றியிருப்பவற்றையும் பாருங்கள். பேரிங் போன எஞ்சினின் எண்ணெய்க் குளிர்விப்பானில் உலோகத்தூள் தங்கியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது. அதைப் புதிதாகப் போடாமல் பழையதையே மாட்டினால் அந்தத் தூள் புதுப் பேரிங்கைத் தின்றுவிடும். மேனிஃபோல்டையும் வளைகுழாயையும் அழுத்தச் சோதனை செய்யாமல் திரும்ப மாட்டாதீர்கள். ஒரு பிஸ்டனின் ரிங் பள்ளத்து விளிம்பு உடைந்திருந்தால் பிஸ்டனை மாற்றுவதோடு நிற்காமல் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரையும், நெடுநாள் நின்ற பெட்ரோலையும், பற்றவைப்பு நேரத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்; அடைபட்ட இன்ஜெக்டரால் எரிபொருள் குறைந்து வெடிப்பு முந்தியிருந்தால் புதுப் பிஸ்டனும் அதே வழியில் போகும். கட்டி முடித்த எஞ்சினை முதல் சில மணி நேரம் ஒரே வேகத்தில் நிறுத்தாமல் ஏற்றி இறக்கி ஓட்டி, முதல் ஃபில்டரைச் சீக்கிரமே கழற்றி, முன்பு சொன்னபடி வெட்டி விரித்துப் பாருங்கள். அந்தத் தாளைத் தேதியும் மணி நேரமும் எழுதி எடுத்து வைத்தால், அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையிலேயே அளவுகோல் இருக்கும்.